இறங்காத மிராசுதாரும் இடது பின் சக்கரமும்

டயரைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்தான் காரைப் பற்றி வாய் கிழியப் பேசுவான். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்து நான் தெரிந்துகொண்டது இது. இஞ்சின் எவ்வளவு இழுக்கும், வட்டாரத்தில் யார் வீட்டுக்கு முதலில் கார் வந்தது என்று மணிக்கணக்காகப் பீற்றிக்கொள்வான். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். அந்த ரகத்தில் நான் முதலில் பார்த்த ஆளும் பெரிய ஆளும் ஒருவரேதான். பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் நான் கார் ஓட்டிய மிராசுதார்.

கறுப்புக் கார். தஞ்சாவூர் போக, கும்பகோணம் போக, கல்யாணத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் மேலாக ஊரார் பார்க்கும்படி சும்மா போக. ஆயுத பூஜை வந்தால் அதற்கு நடக்கும் உபசாரம் இருக்கிறதே, அடேயப்பா! நாலு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம், கதம்பம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு எலுமிச்சம்பழம். முன்னால் உடைக்க ஒரு பூசணிக்காய். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், மிஷன் ஆஸ்பத்திரி ஜீப்பில் தொழில் கற்றவன், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சாமி கும்பிடுவதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தச் சந்தனத்துக்கு அடியில் டயர் மொட்டையாகக் கிடந்தது. இடது பின் சக்கரத்தில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கட்டை, முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கும் நூலே தெரிந்தது. சரியாக அந்த நூல் தெரிகிற இடத்தில் பார்த்து ஒரு குங்குமப் பொட்டு வைத்தார் மனுஷன்.

பூஜை முடிந்த கையோடு சொன்னேன்.

"ஐயா, பின் டயரு நூல் தெரியுதுங்க. மாத்திடணும்."

"ஓடுதுல்ல?"

"ஓடுதுங்க. ஆனா எப்ப வேணா..."

"ஓடுறத எதுக்குடா மாத்தணும்? உன்னை வேணா மாத்திடவா?"

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை சிரித்தார். அவர் சிரித்ததால் மிராசுதாரும் சிரித்தார். இவர்களுக்கெல்லாம் இதுதான் ஹாஸ்யம்.

நான் என் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தேன். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், காலை வேளையில் காற்று அளந்தேன். சூடான டயரில் அளந்தால் அளவு பொய் சொல்லும். வால்வு மூடி காணாமல் போனால் புதிதாகப் போட்டேன். பட்டனுக்குள் ஏறி உட்காரும் கருங்கல் சல்லியை ஆணியால் குத்தி எடுத்தேன். அந்த மொட்டையை மட்டும் பின்னாலேயே விட்டுவிட்டு, மற்றவை ஒரே பக்கம் தேயாமல் இருக்க முன்னும் பின்னும் மாற்றிப் போட்டேன். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கு மாதம் ஒரு தடவை காற்று அடித்து வைத்தேன். அதற்கும் ஒருநாள் கேள்வி வந்தது. "ஓடாத டயருக்கு எதுக்குடா காத்து?" என்றார். காற்றை அடித்து முடித்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, கல்லிடம் சொன்னாலும் அது சும்மாவாவது இருக்கும்.

அது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். மேடைக்கு மேடை உழுகிறவனைப் பற்றிப் பேசினார்கள். ஒரு தெருவில் சிவப்புக் கொடி, அடுத்த தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி. அறுவடை வந்தால் கூலித் தகராறு, வயலில் போலீஸ். அந்தச் சமயத்தில்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன் தன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் நினைத்த நேரத்தில் அவனை நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது. மிராசுதார்கள் பழைய பெட்டிகளைத் திறந்து காகிதம் தேட ஆரம்பித்தார்கள்.

என் மிராசுதாரிடம் ஆறு மா நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என் அக்காவின் புருஷன். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அவருடைய அப்பா காலத்திலிருந்து உழுத நிலம். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், வேறு ஒரு குழி நிலம் கிடையாது. அத்தான் மனுக் கொடுத்தார். மிராசுதார் என்ன செய்தார் தெரியுமா? அத்தானின் அப்பாவிடம் எந்தக் காலத்திலோ வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி வைத்திருந்தார். அதற்கு மேலே 'நான் கூலியாள், குத்தகைக்காரன் அல்ல' என்று இப்போது எழுதிக்கொண்டார். செத்துப்போன மனுஷனின் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பிழைக்கிற பிழைப்பு. தூ!

இரண்டு தடவை வாய்தா வாங்கினார். மூன்றாவது தடவை அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி வாய்தா கிடையாது, வக்கீல் வந்தால் போதாது, காலை பதினோரு மணிக்கு அசல் காகிதத்தோடு நிலக்காரர் நேரில் வரவேண்டும், வராவிட்டால் மனுக் கொடுத்தவர் பெயரில் பதிந்துவிடுவேன் என்று.

அதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா என்னை வாய்க்கால் மதகில் வைத்துப் பார்த்தாள்.

"நீதான் ஓட்டிக்கிட்டுப் போறியா?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"சரி."

"வேலை வேற, வீடு வேறக்கா. நான் சம்பளத்துக்கு ஓட்டுறவன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்று போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நான் எவ்வளவு நேர்மையானவன் என்று.

அன்று காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஐப்பசி மழை, சம்பா நடவு. வாய்க்கால் கரை மண் ரோடு முழுக்கக் களி. ஆறு மைல் போனால் தாலுகா ஆபீஸ். பின் சீட்டில் மிராசுதார், ஜரிகை அங்கவஸ்திரம், மடியில் தோல் பை, பைக்குள் அந்தக் காகிதம். அவர் உட்கார்ந்தாலே வண்டி அந்தப் பக்கம் ஒரு சாய்வு சாயும்.

ஒரு மைல்கூடப் போகவில்லை. கூலிக்காரர்கள் தெருமுனையில் வண்டி இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். பிரேக்கைத் திடுமென்று மிதிக்காமல் மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் அதே இடது பின் டயர். மாட்டு லாடத்து ஆணி ஒன்று, நூல் தெரிந்த இடத்தில் நேராக ஏறியிருந்தது. நல்ல டயராக இருந்தால் அந்த ஆணி பாதியோடு நின்றிருக்கும்.

எனக்குக் கவலையே இல்லை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறது, அரைமணி நேர வேலை. கை பிரேக்கை இழுத்தேன், கியரில் போட்டேன், முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தினேன். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும், வண்டியும் ஆடும். பிறகு கதவைத் திறந்தேன்.

"ஐயா, கொஞ்சம் இறங்கி நிக்கணுங்க. ஜாக்கி போடணும்."

"எங்க இறங்குறது?"

"இங்கதாங்க."

"இங்கயா?" தெருவைப் பார்த்தார். கொடிக்கம்பத்தைப் பார்த்தார். "எங்க அப்பன் பாட்டன் எவனாச்சும் இந்தத் தெரு மண்ணை மிதிச்சிருக்கானாடா? நான் இறங்கணுமா?"

"ஆள் உள்ள இருந்தா வண்டியைத் தூக்கக்கூடாதுங்க. ஜாக்கி சாஞ்சா ஆபத்து."

"உக்காந்திருக்கேன். மாத்து."

அதோடு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அந்தத் தெருக் காற்றுகூட உள்ளே வரக்கூடாதாம். இத்தனைக்கும் அவர் வயல் பூராவும் அந்தத் தெருக்காரர்கள் காலும் கையும் பட்ட மண்தான். அவர் சாப்பிட்ட சோற்றில் ஒரு பருக்கைகூட அவர்கள் கைபடாமல் வந்ததில்லை. அதைத் தின்னும்போது மட்டும் தொண்டையில் சிக்காது.

ஜாக்கியை அச்சுக்குக் கீழே வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். வண்டி மேலே போகவில்லை, ஜாக்கி கீழே போனது. களி மண் அப்படித்தான், அடியில் பலகை வேண்டும். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த நடவுக்கு ஆள் கூட்டி வருகிற அம்மா கரையேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும், முழங்கால் வரை சேறு. ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தெருவுக்குள் போய், ஆட்டுக் கொட்டிலில் கிடந்த நல்ல தடித்த பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதைக் குடு தம்பி. அவரை முதல்ல கீழ எறங்கச் சொல்லு."

பலகையை வைக்கக் குனிந்தேன். கண்ணாடி ஒரு விரல் அளவுக்கு இறங்கியது.

"யார் வீட்டுப் பலகைடா அது?"

"இந்த அம்மா குடுத்தாங்க."

"கடாசு அதை. என் வண்டிக்கு அடியில அது வரக்கூடாது."

சொல்லுங்கள், இந்த மாதிரி ஒரு மூளையை என்ன செய்வது? ஊர்ச் சாணி, செத்த பெருச்சாளி, சகலத்தையும் மிதித்துக்கொண்டு ஓடுகிற வண்டி. அதன் அடிவயிற்றில் ஓர் ஏழை வீட்டுப் பலகை பட்டால் மரியாதை போய்விடுமாம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அம்மா பலகையைத் திரும்ப எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நானாவது புத்தியோடு நடந்திருக்க வேண்டும். முடியாது, இறங்கினால்தான் வேலை நடக்கும் என்று ஸ்பானரைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மணி பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது, பதினோரு மணிக்கு இவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர என் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. வாய்க்கால் ஓரத்தில் கிடந்த இரண்டு செங்கல்லை எடுத்து அடுக்கி அதன்மேல் ஜாக்கியை வைத்தேன். செங்கல்மேல் ஜாக்கி வைக்கக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வெடிக்கும். தெரிந்தேதான் வைத்தேன்.

வண்டி எழும்பியது. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை உருவினேன். ஸ்டெப்னியை எடுக்கக் கையை வெளியே இழுத்து ஒரு மூச்சு விடவில்லை, உள்ளே இருந்த மகராசன் யார் யார் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று பார்க்க இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். செங்கல் வெடித்தது. ஜாக்கி சாய்ந்தது. அத்தனை கனமும் பிரேக் டிரம்மோடு சேற்றில் இறங்கியது. என் கை இருந்த இடத்தில் இப்போது இரும்பு இருந்தது.

கத்தியது அந்த அம்மாதான்.

"யோவ்! எறங்கித் தொலைய்யா! புள்ள கை போயிருக்கும்யா!"

அந்தத் தெருவிலிருந்து அவரை 'யோவ்' என்று ஒருத்தர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மிராசுதார் கண்ணாடியின் கடைசி விரற்கடையையும் ஏற்றிக்கொண்டார். என் கை இருக்கிறதா போயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாய்ந்த சீட்டில் ஒருக்களித்து, மேலே இருந்த வாரைப் பிடித்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தார். வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. வயலில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நல்ல வாய்விட்ட சிரிப்பு.

தெருவிலிருந்து வந்த ஒரு வாலிபன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினான். அந்தத் தெருவில் வழக்கு எல்லாருக்கும் தெரியும், எத்தனை மணிக்கு என்பதும் தெரியும்.

"ஐயா, கேரியர்ல உக்காருங்க. அரைமணி நேரத்துல தாலுகா ஆபீசு வாசல்ல எறக்கிவுடுறேன்."

கேலிதான். இவர் ஏறமாட்டார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவன் நான் ஒருத்தன்தான். மணியைப் பார்த்தேன், பத்தரை. இதை விட்டால் வேறு வழியில்லை. கதவைத் திறந்து கெஞ்சினேன்.

"ஐயா, போயிடுங்க ஐயா. ஜாக்கி வளைஞ்சு போச்சு. சைக்கிள்ல போனா நேரத்துக்குப் போயிடலாம். நான் பின்னாலயே வண்டியைக் கொண்டாறேன். பைய நான் புடிச்சுக்கிறேன், நீங்க ஏறுங்க."

சைக்கிள்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எதற்கு இப்படிப் பார்க்கிறான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"கேரியர்லயா?" என்றார் மிராசுதார். "நானா? சீ, கதவைச் சாத்துடா!"

சாத்தினேன். மழை தூறியது, மணி பதினொன்றைத் தாண்டியது. என்னைப் பார்த்து மனசு கேட்காமல் கடைசியில் அந்த அம்மாவே ஆள் கூப்பிட்டாள். நாலு பேர் ஒரு முற்றின மூங்கிலை அச்சுக்கு அடியில் கொடுத்து, ஆட்டுக் கொட்டில் பலகையை அணையாக வைத்து, மிராசுதாரையும் சேர்த்தே வண்டியை நெம்பினார்கள். இந்தத் தடவை யார் வீட்டுப் பலகை என்று உள்ளே இருந்து கேள்வி வரவில்லை. ஸ்டெப்னியை மாட்டினேன். நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரும் புதிருமாக முடுக்கினேன், அப்படித்தான் சக்கரம் ஒழுங்காக உட்காரும். வண்டியை இறக்கிய பிறகு மறுபடி ஒரு தடவை இறுக்கினேன். அவ்வளவு அவசரத்திலும் ஒரு நட்டைக்கூட அரைகுறையாக விடவில்லை.

தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. மிராசுதார் அங்கே மட்டும் என்ன வேகமாக இறங்கினார் என்கிறீர்கள்! அரைமணிக்கு முன்னாலேயே உத்தரவு எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. ஆறு மா நிலமும் அத்தான் பெயரில் பதிவாகிவிட்டது. பிற்பாடு மேலே அப்பீல் போய்ப் பார்த்தார், அங்கே அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டியபோது புது மையைப் பார்த்தே சிரித்தார்களாம்.

அன்றைக்கு ஆபீஸ் வாசலிலேயே என்மேல் பாய்ந்தார்.

"ஆணி வச்சவன் நீதானேடா! உன் அக்கா வீட்டுக்காக என்னை நடுரோட்டுல உக்கார வச்ச பய நீ!"

"நான் வைக்கலிங்க."

"சாவியக் குடு."

கொடுத்தேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஊரில் இறங்கினால் வேறு கூத்து, முந்தின பஸ்ஸிலேயே சேதி வந்துவிட்டிருந்தது. டீக்கடையில் எனக்கு வடை, டீ, முதுகில் தட்டு. கரை வேட்டிக்காரர் ஒருவர் அடுத்த கூட்டத்தில் நான் மேடையேறிப் பேச வேண்டும் என்றார். சிவப்புத் துண்டுக்காரர் ஒருவர், இல்லை, இவர் எங்கள் ஆள் என்றார். ஆணியை எப்படி அவ்வளவு சரியாக வைத்தாய் என்று ரகசியமாக வேறு கேட்கிறார்கள். நான் ஆணியே வைக்கவில்லை, டயர் மொட்டை, பூஜை அன்றைக்கே சொன்னேன் என்றேன். கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டிரைவரைப் பார்த்து, தன் வண்டிச் சக்கரத்தில் தானே ஆணி ஏற்றினாய் என்று மெச்சுகிறார்கள், முட்டாப் பயல்கள். மிராசுதாராவது திட்டினார். இவர்கள் மாலை போட வருகிறார்கள்.

அக்காவாவது நம்புவாள் என்று அவள் வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அத்தான் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்ல ஓடியிருந்தார்கள். அக்கா தட்டு வைத்தாள், சோறு போட்டாள்.

"நீயா ஆணி வச்சே?" என்றாள்.

"சத்தியமா இல்லக்கா. லாடத்து ஆணி, தானா ஏறினது."

"ஜாக்கி?"

"அதுவும் தானாத்தான் சாஞ்சுது. நான் என்னால ஆனதெல்லாம் பார்த்தேன். சைக்கிள்லயாச்சும் போயிடுங்கன்னு அந்த ஆளைக் கெஞ்சினேன். கேட்டாத்தானே?"

குழம்புக் கரண்டியோடு நின்றிருந்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள்.

"கெஞ்சினியா?"

"ஆமா."

"டயரு நல்லா இருந்திருந்தா, பதினோரு மணிக்குக் கொண்டுபோய் விட்டிருப்பே?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அன்றைக்கு அந்த ஒரு பொய்க்காகத்தான் இடம் வைத்திருந்தார்கள். ஆனால் நான் சொன்னது, "பத்தே காலுக்கே விட்டிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. மூன்று பிள்ளைகளோடு இவளைத் தெருவில் நிறுத்துவதற்கு, ஒரு நட்டுக்கூடத் தளராமல், காற்று அளந்து, நேரம் பார்த்து, நான் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கையை நசுக்கிக்கொள்ளக்கூடத் தயாராக இருந்திருக்கிறேன். அந்த ஆறு மாவைக் காப்பாற்றியது இறங்க மறுத்த அந்த ஆளின் திமிர்தான், என் நேர்மை இல்லை.

அக்கா கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"நல்ல டிரைவர்டா நீ," என்றாள்.

என்னை அதைவிடக் கேவலமாக இன்றுவரை யாரும் திட்டியதில்லை.